கோபம் இல்லையாம், வால்வாம்

குன்சான் துறைமுகத்துக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் குடியிருப்புகள் வரிசை கட்டி நிற்கிற பகுதியில், பியோ தொக்சூனின் முகத்தை அறியாதவர்கள் இருக்கலாம். குரலை அறியாதவர்கள் கிடையாது. மாடிப்படிக்கு அடியில் நின்று "சலவைத் துணீ...!" என்று அவள் ஓர் இழுப்பு இழுத்தால், ஐந்தாம் மாடியில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருப்பவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனின் கோட்டைத் தேட ஆரம்பிப்பாள். அவள் புருஷன் மா கில்சு தங்கள் சலவைக் கடையில் நின்று இஸ்திரி போடுவார். படியேறித் துணி வாங்கி வருவதும், தேய்த்து முடித்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் தொக்சூனின் பாடு.

ஐம்பத்தைந்து வயதில் அந்தக் குரல் கம்மத் தொடங்கியது. இழுப்பு பாதியில் அறுந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் துணி மூட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஜன்னல் வழியே கப்பல்களைப் பார்ப்பதுபோல நின்றுகொள்வாள். உண்மையில் அவள் எதையும் பார்க்கவில்லை. மூச்சைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"உடம்புக்கு என்னக்கா?" என்று யாராவது கேட்டால் அவளிடம் பதில் தயாராக இருந்தது.

"கோப நோய்தான், வேற என்ன? எல்லாம் அந்த மனுஷன் குடுத்தது."

கோப நோய் என்றால் அந்த ஊரில் எல்லோருக்கும் புரியும். வெளியே கொட்ட முடியாத ஆத்திரத்தைப் பெண்பிள்ளை விழுங்கி விழுங்கி, அது நெஞ்சுக்குழியில் கட்டிபோல உட்கார்ந்து மூச்சை அடைக்கும். மாமியார் குடுக்காத கோப நோயைப் புருஷன் குடுப்பான், இருவரும் குடுக்காததைப் பிள்ளை குடுக்கும் என்பார்கள். தொக்சூனுக்குப் புருஷன் கொடுத்தது எப்படி என்பதும் ஊரறிந்த கதை.

மகள் ஹேரிம் வயிற்றில் இருந்தபோது கில்சு மலைப்பக்கம் அணை கட்டுகிற இடத்துக்கு வேலைக்குப் போனார். பிரசவத்துக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அறுவடை முடிந்தது, குளிர்காலத்துக் கிம்ச்சி ஊறுகாய்ச் சாடிகள் நிரம்பின, பனி விழுந்தது. ஆள் வரவில்லை. ஒரு சேதியும் இல்லை. மாதம் நிறைந்த வயிற்றோடு தொக்சூனால் படுக்க முடியவில்லை. மல்லாந்தால் யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது போல இருந்தது. மெத்தைகளை மடித்துச் சுவரோரம் அடுக்கி, அதில் சாய்ந்தபடியே நாட்களைக் கடத்தினாள். அப்படியே பெற்றும் போட்டாள். கில்சு திரும்பி வந்தபோது குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. கையில் ஒரு கட்டுக் கருவாட்டோடு வாசலில் நின்றவரைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். பிரசவத்திலிருந்து எட்டு மாதம் சேர்த்து வைத்த திட்டு. முதல் வார்த்தையிலேயே மூச்சு முட்டி, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கில்சு கருவாட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

பிறகு மூலிகை வைத்தியரிடம் போனார்கள். அவர் நாடியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு, "எதையோ முழுங்கி உள்ளயே வெச்சிருக்கீங்களேம்மா" என்றார். தொக்சூன் ஓவென்று அழுதாள். அழுது முடித்து, புருஷன் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா?" என்றாள்.

கில்சு கேட்டுக்கொண்டார். அன்றோடு குடியை விட்டார். மீனில் முள் நீக்கி, வயிற்றுப் பாகத்தை அவள் சோற்றில் வைக்கப் பழகினார். எந்தச் சண்டையும் அவள் நெஞ்சில் கை வைக்கிற இடத்தில் முடிந்துவிடும். "சரி, சரி, நீ சொல்றதுதான் சரி" என்று அவர் இஸ்திரிப் பெட்டிப் பக்கம் போய்விடுவார். இருபத்தேழு வருஷக் குடித்தனம் அப்படித்தான் ஓடியது.

ஹேரிம் ஊரிலேயே ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அந்த வருஷம் அரசாங்க இலவச உடம்புப் பரிசோதனைக்கு அம்மாவைத் தள்ளாத குறையாக அவள்தான் அழைத்துப் போனாள். மார்பைப் படம் பிடித்தார்கள். ஓர் இளம் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். கேட்டவர் முகம் மாறி, "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கம்மா" என்றார். படுத்தாள். மறுபடி கேட்டார். மூச்சை விட்டுப் பிடிக்கச் சொல்லிக் கேட்டார்.

'ஒருக்களிச்சுப் படுத்தா கோபம் கேக்குமா?' என்று அவளுக்குத் தோன்றியது. வாய்விட்டு அதைக் கேட்கவில்லை.

"நாடி தாளம் தப்பித் துடிக்குது. படத்துல இதயம் கொஞ்சம் பெருசாத் தெரியுது. உள்ள ஒரு சத்தமும் இருக்கு. ஜொன்ஜுவுல பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், தள்ளிப் போடாதீங்க" என்றார் டாக்டர்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட கில்சு, "இவளுக்கு இதயம் பெருசாமா? மார்க்கெட்டுல சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்களே" என்றார். தொக்சூன் நெஞ்சில் கை வைத்தாள். கில்சு உடனே வாயை மூடிக்கொண்டார்.

ஜொன்ஜு ஆஸ்பத்திரியில் விளக்கை அணைத்த அறையில் இடது பக்கம் படுக்கவைத்து, விலாவில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கருவியை அழுத்தினார்கள். திரையில் ஏதோ சாம்பல் நிறத்தில் துடித்தது. கருவியிலிருந்து அவ்வப்போது மழைக்காலச் சாக்கடைபோல இரைச்சல் வந்தது. இது என் உள்ளேயிருந்தா வருகிறது என்று தொக்சூன் திகைத்தாள். வயிற்றில் பிள்ளை இருக்கிறதைப் பார்க்கிற மாதிரி எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

அதன்பிறகு யோம் என்கிற பெண் டாக்டர் மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசினார். நடுத்தர வயது. அவசரமில்லாத பேச்சு.

"இதயத்துக்குள்ள ரத்தம் ஒரே பக்கமாப் போறதுக்கு நாலு வால்வு இருக்கு. கதவுன்னு வெச்சுக்குங்க. திறந்து விடும், திரும்பி வராம மூடிக்கும். இடது பக்கம் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல இருக்கிறது ரெட்டைக் கதவு. உங்களுக்கு அந்தக் கதவு தடிச்சுப்போய், ஓரமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு. நல்லாத் திறக்க மாட்டேங்குது. கோட்டுப் பொத்தான் துளை மாதிரி ஒரு சந்து வழியாத்தான் ரத்தம் மொத்தமும் போகணும். போக முடியாதது பின்னால தேங்கும். பின்னால இருக்கிறது நுரையீரல். அதான் படியேறினா மூச்சு வாங்குது, படுத்தா இருமல் வருது."

தொக்சூன் கவனமாகக் கேட்டாள். கோட்டும் பொத்தான் துளையும் அவளுக்குப் புரிந்த சமாச்சாரம். ஆனாலும் ஒன்று விட்டுப்போனது.

"கோபத்துல ஒட்டிக்கிச்சா டாக்டர்?"

"என்னது?"

"நெறைய வருஷமா முழுங்கின கோபம். அதான் ஒட்டிக்கிச்சா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "இல்லம்மா. கோபத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. சின்ன வயசுல தொண்டை வலி, காய்ச்சல் வந்து, கொஞ்ச நாள் கழிச்சு முட்டியெல்லாம் வீங்கிக் கெடந்தது உண்டா?"

தொக்சூனுக்கு அப்படி ஒன்றும் நினைவில்லை. ஹேரிம் அங்கேயே கிம்ஜேயில் இருக்கிற பெரியம்மா இன்சூனுக்குப் போன் போட்டு, அம்மா கையில் கொடுத்தாள். இன்சூன் வயலில் நின்றுகொண்டிருந்தாள் போல, காற்று இரைந்தது. போனிலிருந்து வந்த சத்தம் டாக்டருக்கே கேட்டது.

"முட்டி வீங்குச்சாவா? ஏண்டி, ஒம்பது வயசுல நீ ஒரு மாசம் படுத்துக் கெடக்கலையா? ஒரு நாள் முட்டி, மறுநாள் கணுக்கால், அப்புறம் முழங்கை. வலி ஊர் சுத்துற மாதிரி சுத்துச்சு. அம்மா உப்பை வறுத்து ஒத்தடம் குடுத்தா. ஸ்கூல் விளையாட்டு விழாவுக்கு உன்னைத் தூக்கிட்டுப் போனது நான். நீ கனத்த கனம் இன்னும் என் இடுப்புல இருக்கு. வளர்ற வலின்னு சொன்னாங்க. சரியாப் போச்சே! அதுக்கு என்ன இப்போ?"

"அதுதான்" என்றார் டாக்டர். "தொண்டைக்கு வந்த கிருமியோட சண்டை போட்ட உடம்பு, ஆள் தெரியாம தன்னோட மூட்டையும் இதய வால்வையுமே தாக்கும். மூட்டு ஆறிடும், தடம்கூட இருக்காது. வால்வுல தழும்பு நின்னுடும். அந்தத் தழும்பு கொஞ்சம் கொஞ்சமா இறுகி, இருபது முப்பது வருஷம் கழிச்சு வேலையைக் காட்டும். அந்தக் காலத்துல நெறைய பிள்ளைங்களுக்கு வந்தது. அப்பவே பெனிசிலின் போட்டிருந்தா தடுத்திருக்கலாம். பெண்ணுக்கு மொதல்ல எப்பத் தெரிய வரும்னா, கர்ப்பமா இருக்கும்போது. உடம்புல ரத்தம் கூடும், அந்தச் சந்து பத்தாது. உங்களுக்குப் பிரசவ சமயத்துல மூச்சு முட்டுச்சா?"

மடித்து அடுக்கிய மெத்தைகளும், சுவரும், வாசலில் ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் திரும்பிய தன் முகமும் தொக்சூனுக்கு நினைவு வந்தன. அத்தனையும் அவர் வராததால் என்றல்லவா இருந்தாள்? அவர் வந்திருந்தாலும் மூச்சு முட்டியிருக்குமா?

திரும்பி வருகிற பஸ்ஸில் கில்சு தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். கிம்ஜே சமவெளி ஜன்னலில் ஓடியது. குன்சான் நெருங்கும்போது மெதுவாகக் கேட்டார்: "அப்போ... நான் இல்லையா?"

தொக்சூன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். முன் இருக்கையிலிருந்து ஹேரிம் திரும்பிப் பார்த்து, அப்பா முகத்தையும் அம்மா முதுகையும் பார்த்துவிட்டுப் பழையபடி திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் தொக்சூன் காய்கறி வாங்கப் போனபோது, மீன்வடை பொரிக்கிற ஒக்ஜின் எண்ணெய்க் கரண்டியை ஆட்டியபடி கூப்பிட்டாள்.

"யக்கா, உங்க வீட்டுக்காரர் நிரபராதியாமே! நேத்து சாயங்காலம் வந்து ரெண்டு கிண்ணம் கள்ளு குடிச்சாரு. எத்தனை வருஷம் கழிச்சு! ஒட்டிக்கிட்டது வால்வாம், அதுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லையாம், டாக்டரே தீர்ப்பு சொல்லிட்டாராம். கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டுச் சொன்னாரு, பாவம்."

தொக்சூனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. விறுவிறுவென்று கடைக்கு வந்தாள். விறுவிறுவென்று வந்ததாலேயே வாசலில் மூச்சு வாங்கியது. நெஞ்சில் கை வைத்தாள். கில்சு ஓடிவந்து, "டாக்டர் குடுத்த மாத்திரை போட்டியா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். 'சரி, சரி, நீ சொல்றதுதான் சரி' வரவில்லை. தண்ணீரும் மாத்திரையும் வந்தன. தொக்சூன் நெஞ்சிலிருந்து கையை எடுத்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கவுண்டர் மேல் வைத்தாள்.

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கோப நோய் என்றால் கோபப்பட ஓர் ஆள் இருந்தார். இப்போது யார் மேல் படுவது? பெயர் தெரியாத ஒரு கிருமி மேலா? உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்துவிட்டுச் செத்துப்போன அம்மா மேலா? 'எந்தத் தப்பும் பண்ணல' என்று அந்த மனுஷன் ஊர்பூராவும் கள்ளு குடித்துச் சொல்லிக்கொண்டு திரிகிறாரே, வராமல் இருந்தது தப்பில்லையா? வால்வு வேறே, வராதது வேறே. ஆனால் இரண்டையும் பிரித்து வைத்துப் பார்த்தால், வராததற்கு அவள் கையில் காட்ட எதுவும் மிச்சமில்லாதது போல இருந்தது.

குழப்பம் போதாதென்று வைத்தியம் வேறு. வால்வைச் சரிசெய்ய இரண்டு வழி இருப்பதாக டாக்டர் யோம் சொல்லியிருந்தார். ஒன்று, தொடையிடுக்கு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்கு ஏற்றி, அதன் முனையில் இருக்கிற பலூனை ஒட்டிக்கொண்ட இடத்தில் ஊதி, கதவைப் பிரித்துவிடுவது. இன்னொன்று, மார்பைத் திறந்து பழைய வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வோ, மாடு பன்றியின் திசுவில் செய்ததோ வைப்பது. தொக்சூனுக்குக் கதவு ரொம்பக் கெட்டுப்போகவில்லை, பலூனே போதும். ஆனால் இதயம் தாளம் தப்பித் துடிப்பதால் மேல் அறையில் ரத்தம் உறைந்து கட்டியாக வாய்ப்புண்டு. அதற்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. அந்த மாத்திரை சாப்பிடும்போது செங்குக்ஜாங் குழம்பு கூடாது, சிவப்பு ஜின்செங் வேர் கூடாது, கேட்காமல் மூலிகைக் கஷாயம் கூடாது. கீரை சாப்பிடலாம், ஆனால் ஒரு நாள் நிறைய, ஒரு நாள் இல்லை என்று கூடாது.

"செங்குக்ஜாங் கூடவா?" என்றாள் தொக்சூன். நாற்றம் தெருக்கோடி வரை போகிற அந்தச் சோயாக் குழம்பு இல்லாத குளிர்காலத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கில்சுவுக்கு வால்வு விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டது என்று அவர் நினைத்தார். கடையின் நீராவி பாய்லரில் உப்புப் படிந்து வால்வு இறுகும். வினிகர் ஊற்றிக் கழுவினால் இளகும். இதயத்திலும் அதேதானே என்று தினம் காலையில் ஒரு கிண்ணம் பிளம் வினிகரைத் தண்ணீரில் கலந்து நீட்டினார். தொக்சூன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

"அப்பா, அது வயித்துக்குப் போகும், வால்வுக்குப் போகாது" என்று ஹேரிம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எல்லாம் ஒரே உடம்புக்குள்ளதானே போகுது?" என்றார் கில்சு.

படியேறும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். அவருடைய "சலவைத் துணி" முதல் மாடியைத் தாண்டாது. மேல் மாடிக்காரிகள் எட்டிப் பார்த்து, "ஹேரிம் அப்பா, கொசு கத்துதேன்னு நெனச்சோம்!" என்று கேலி பேசினார்கள். சாயங்காலம் முட்டியைத் தடவிக்கொண்டு, "இத்தனை படியா தினமும் ஏறினே?" என்று கேட்டார். தொக்சூனுக்கு அந்தக் கேள்வியில் சந்தோஷப்படுவதா, இத்தனை காலம் தெரியாமல் இருந்ததற்கு எரிச்சல்படுவதா என்று தெரியவில்லை.

மாத்திரை தொடங்கிக் கொஞ்ச நாளில், கதவில் இடித்துக்கொண்ட முழங்கை கரும்பச்சையாகக் கன்றிப்போனது. மூன்றாம் மாடி வாடிக்கைக்காரி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "ரத்தத்தைத் தண்ணியாக்குற மருந்தா? தண்ணியா ஓடுற ரத்தத்துல தெம்பு எங்கேர்ந்து வரும்? என் மச்சானுக்கு இப்படித்தான்..." என்று இழுத்தாள். மச்சானுக்கு என்ன ஆனது என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் தொக்சூனுக்குப் பயமாக இருந்தது. மாத்திரையை வாயில் போடுவதுபோலக் காட்டி, உள்ளங்கையில் மறைத்து, கழிவுநீர்க் குழாயில் போட்டாள். தெம்பு வந்ததுபோலக்கூட இருந்தது. ஒரு வாரம் போனது, இன்னொன்றும் போனது.

பலூன் வைக்கக் குறித்த நாளுக்கு முந்தின நாள், தொண்டை வழியாக ஒரு குழாயை இறக்கி இதயத்தைப் பின்பக்கமிருந்து பார்த்தார்கள். குழாய் வெளியே வந்து, தொண்டை மரத்துப்போய் எச்சில் விழுங்க முடியாமல் அவள் கிடந்தபோது டாக்டர் யோம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மேல் அறை மூலையில ரத்தக் கட்டி இருக்கும்மா. இப்ப பலூனைக் கொண்டுபோனா அது பிடுங்கிக்கிட்டு மூளைக்குப் போயிடும். பக்கவாதம் வரும். நாளைக்கு முடியாது. மாத்திரை ஒழுங்காச் சாப்பிட்டீங்களா? ரத்தப் பரிசோதனையில மாத்திரை சாப்பிட்ட மாதிரி தெரியலையே."

கில்சு முந்திக்கொண்டார். "தினமும் சாப்பிட்டாங்க டாக்டர், நானே தண்ணி குடுத்தேன்."

தொக்சூன் சுவர்ப் பக்கம் திரும்பினாள். மரத்த தொண்டையோடு, "இல்ல" என்றாள்.

"நான் நிறுத்தினதாலயா கட்டி வந்துச்சு?" என்று கேட்டாள்.

"அதாலயும் இருக்கலாம். முன்னாடியே இருந்திருக்கவும் செய்யலாம். சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "ரத்தம் தண்ணியாகாதும்மா. உறையறதுக்கு நேரம் எடுத்துக்கும், அவ்வளவுதான். கன்றிப்போறது அதனால. ரொம்பக் கன்றினா, ரத்தம் நிக்காம வந்தா, என்கிட்ட வாங்க; அளவைக் குறைப்போம். நீங்களா நிறுத்தாதீங்க."

கில்சு பஸ் நிலையம் வரை அவளுக்கு முன்னால் நடந்தார். வரிசையில் நிற்கும்போது அவள் பக்கம் திரும்பி, "என்னை ஏமாத்தலாம். நீ செத்துப்போனா நான் யாருக்கு முள்ளு எடுக்கிறது?" என்றார். தொக்சூனுக்கு இது திட்டா கெஞ்சலா என்று விளங்கவில்லை. விளங்காமலே அழுதாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும்தான். கில்சு அவள் வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் வரை பார்ப்பார். "ஜெயிலர்!" என்பாள் அவள். "நிரபராதி ஜெயிலர்" என்பார் அவர். வினிகர் நின்றது. பனி உருகி, துறைமுகத்துச் செர்ரி மரங்களில் மொட்டு வைத்தபோது மறுபடி தொண்டைக் குழாய் போட்டுப் பார்த்தார்கள். கட்டி கரைந்திருந்தது.

பலூன் வைக்கிற அறை குளிர்ந்து கிடந்தது. அவள் விழித்துத்தான் இருந்தாள். தொடையிடுக்கில் மரத்துப்போக ஓர் ஊசி. அதன்பிறகு உள்ளே ஏதோ ஊர்வது போலவும் ஊராதது போலவும். "இப்ப ஊதப்போறேன், கொஞ்சம் படபடன்னு வரும்" என்றார் டாக்டர் யோம். வந்தது. நெஞ்சுக்குள் ஒரு மீன் துள்ளி அடங்கியது. அந்த ஒரு நொடி உலகமே நின்றுவிட்டது போல இருந்தது. செத்துவிட்டேனா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"அழுத்தம் நல்லா எறங்கிடுச்சு. மூச்சை இழுத்துப் பாருங்கம்மா."

இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவு இடம் உள்ளே எங்கே இருந்தது? பயந்துபோய்ப் பாதியில் நிறுத்தினாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று, "குணமாயிடுச்சா டாக்டர்?" என்று கில்சு கேட்டார்.

"கதவு திறந்திருக்கு. லேசா ஒரு கசிவு இருக்கு, அது பாதகமில்ல. ஆனா பழைய தழும்பு தழும்புதான். பத்துப் பதினஞ்சு வருஷத்துல மறுபடி இறுகலாம், அப்ப வால்வையே மாத்த வேண்டியிருக்கும். இறுகாமலும் போகலாம். தாளம் இன்னும் தப்பித்தான் துடிக்குது, அதனால மாத்திரை நிக்காது."

"அப்போ குணம்னு சொல்றதா, இல்லன்னு சொல்றதா? மார்க்கெட்டுல கேப்பாங்களே."

"நல்லா இருக்காங்கன்னு சொல்லுங்க."

சில வாரம் கழித்துத் தொக்சூன் துணி மூட்டையோடு ஐந்தாம் மாடி வரை ஏறினாள். நடுவில் நிற்கவில்லை. மேலே போய் நின்றதும் அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை; எப்போதும் அங்கே மூச்சு வாங்குவதுதான் வேலை. கதவைத் திறந்த பெண், "என்னக்கா, ஏதாவது மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டுப் பலகையில் பொரித்த மஞ்சள் மீன் இருந்தது. கில்சு பேச்சு சுவாரசியத்தில் வயிற்றுப் பாகத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். தொக்சூன் பார்த்தாள். அவரும் அவள் பார்ப்பதைப் பார்த்தார். மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"ஏன் வரல?" என்றாள்.

"எங்க?"

"அணைக்கட்டுலேர்ந்து. ஹேரிம் பொறந்தப்போ."

கில்சு கரண்டியைக் கீழே வைத்தார். "அதான் டாக்டரே சொல்லிட்டாங்களே, அதுக்கும் உன் நெஞ்சுக்கும் சம்பந்தம் இல்லன்னு..."

"என் நெஞ்சுக்கு இல்ல. எனக்கு! எனக்கு நீ ஏன் வரல?"

இத்தனை வருஷத்தில் அவரை அவள் 'நீ' என்றது அதுதான் முதல்முறை. கில்சு அவள் கையைப் பார்த்தார். அது நெஞ்சுக்குப் போகவில்லை, பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. வார்த்தை ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. மாதம் நிறைந்த வயிறு, மெத்தைகள், பனி, பக்கத்து வீட்டுக்காரி தொப்புள்கொடி அறுத்தது, ஆளில்லாத வாசல், எல்லாம் வந்தது. கேட்டது போதும் என்று அவர் ஒரு கட்டத்தில் தானும் கத்தினார். அவரும் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை.

"என்னை என்ன பண்ணச் சொல்றே? இருபத்தேழு வருஷம் குனிஞ்சே நின்னேனே, பத்தலையா? பஸ் நிக்கிற எடம் வரைக்கும் வந்தேன்! ஒரு தடவை இல்ல, ரெண்டு மூணு தடவை வந்தேன். திரும்பிப் போயிட்டேன்!"

"ஏன்?"

கில்சு, "தெரியல" என்றார். "வேற ஒருத்தி இருந்தான்னு நெனச்சே, இல்ல. குடியும் இல்ல. பஸ் வரும். ஏறணும்னு நெனப்பேன். கால் ஏறாது. ஏன்னு எனக்கே தெரியல. ஏதாவது சொல்லணும்னா பொய்தான் சொல்லணும்."

மேல் வீட்டில் யாரோ தரையைத் தட்டினார்கள், சத்தம் போடாதீர்கள் என்று. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டார்கள். தொக்சூனுக்கு நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக் கொண்டிருக்கலாம். 'தெரியல' என்பதை எங்கே பிடிப்பது? ஆனால் அவர் முகத்தில் இருந்த குழப்பம் அவளுடைய குழப்பத்தைப் போலவே இருந்ததையும் அவள் பார்த்தாள்.

கோடையில் பரிசோதனைக்கு ஜொன்ஜு போனபோது டாக்டர் யோம் எல்லாம் பார்த்துவிட்டு, "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

தொக்சூன் கொஞ்சம் யோசித்தாள். கில்சு பக்கத்தில் உட்கார்ந்து தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், இந்த வால்வோட சண்டை போடலாமா?"

"யாரோட?"

தொக்சூன் கண்ணால் பக்கத்தைக் காட்டினாள்.

"போடலாம்" என்றார் டாக்டர். "மாத்திரையை மட்டும் விடாதீங்க."

வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் கில்சு தாழ்ந்த குரலில் கேட்டார்: "அப்போ இனிமே தினமும் சண்டை உண்டா?"

அவளுக்கே தெரியவில்லை. அவர் மடியிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு, "மாத்திரையைக் குடுங்க, நேரமாச்சு" என்றாள்.